அறுபது மடங்கு யாருக்கு வேண்டும்?

பாயின்ட் டூ டூ ரைஃபிளின் குண்டு 5.6 மில்லிமீட்டர் தடிமன். 50 மீட்டருக்கு அப்பால் அது அட்டையில் போடும் துளையும் ஏறக்குறைய அவ்வளவுதான். சுடுபவரின் கண்ணுக்கு அந்தத் துளை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டால் 23 வில்விநாடி வருகிறது. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் வில்விநாடி. 2003 ஆகஸ்டில் செவ்வாய் கிரகம், ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குப் பூமியை நெருங்கி வந்தது. அப்போது வானத்தில் அதன் வட்டத்தின் அகலம் 25 வில்விநாடி. ஆக, 50 மீட்டரில் ஒரு குண்டுத் துளையைத் தேடுவதும், 5.6 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நின்ற செவ்வாயின் வட்டத்தைப் பார்ப்பதும் ஒளியியல் கணக்கில் ஏறக்குறைய ஒரே வேலை. இலக்கை 300 மீட்டருக்குத் தள்ளி, குண்டை 7.62 மி.மீ. ஆக்கினால் துளை 5 வில்விநாடிக்குச் சுருங்கிவிடும். செவ்வாய் நம்மை விட்டு விலகிப்போய்ச் சிறுத்திருக்கும் மாதங்களில் அதன் அளவு இந்த மட்டத்துக்குத்தான் இருக்கும்.

நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் எல்லை சுமார் 60 வில்விநாடி. அதனால்தான் சுடுதளத்தில் ரைஃபிளுக்குப் பக்கத்தில் குட்டையான தாங்கியில் ஒரு தொலைநோக்கி நிற்கிறது. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பார்கள். பெரிய போட்டிகளில் துளையைத் தேட இப்போது இது தேவையில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றபோது, ஒவ்வொரு குண்டும் பட்ட இடத்தை மின்னணு இலக்கே கண்டுபிடித்துத் திரையில் காட்டியது. ஆனால் காகித அட்டையை மாட்டிப் பயிற்சி செய்யும் 50 மீட்டர் சுடுதளத்தில் ஸ்கோப் இல்லாமல் காரியம் நடக்காது. ஒவ்வொரு குண்டுக்கும் 50 மீட்டர் நடந்து போய் வர முடியாது; பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருக்கும்போது நடக்க விடவும் மாட்டார்கள்.

வாங்கப் போனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது 20-60x60 மாதிரியான ஓர் எண். முதல் இரண்டும் உருப்பெருக்கம். 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை திருகிக்கொள்ளலாம். கடைசி எண் முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். பெரும்பாலோர் கண் 60 மடங்கில்தான் நிற்கும். உண்மையில் அந்தக் கருவியிலேயே மலிவான சரக்கு அதுதான்.

பெருக்குவது சுலபம்

தொலைநோக்கியின் உருப்பெருக்கம் ஒரு வகுத்தல் கணக்கு. முன்னால் இருக்கும் பொருளருகு வில்லையின் குவியத்தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். முன்னது 360 மி.மீ., பின்னது 18 மி.மீ. என்றால் 20 மடங்கு. பின்னதை மட்டும் கழற்றிவிட்டு 6 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 60 மடங்கு. முன்பக்கத்தின் பெரிய கண்ணாடியைத் தொடவே வேண்டாம். விரல்நுனி அளவுள்ள கண்ணாடித் துண்டுகளை மாற்றி அடுக்கினாலே எண் மும்மடங்காகிவிடுகிறது. விலை குறைந்த ஸ்கோப்களின் பெட்டியிலும் 60, 75 என்று போட முடிவது இதனால்தான்.

பெருக்கினால் தெரியுமா என்பது வேறு கேள்வி. ஒளி ஓர் அலை. வட்டமான ஒரு திறப்பின் வழியே நுழையும்போது விளிம்பு விளைவால் சற்றே பரவும். புள்ளியாக வந்த ஒளி, வில்லை எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும், ஒரு குட்டி வட்டமாகத்தான் உள்ளே விழும். திறப்பு சிறியதானால் அந்த வட்டம் பெரியது. வில்லியம் டாஸ் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாதிரியார், இரட்டை விண்மீன்களைப் பல தொலைநோக்கிகளில் பார்த்துப் பார்த்து இதற்கு ஓர் எளிய விதி கண்டார்: 116ஐ வில்லையின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால், அந்தத் தொலைநோக்கி எத்தனை வில்விநாடி வரை பிரித்துக் காட்டும் என்பது கிடைக்கும். 60 மி.மீ. வில்லைக்கு 1.9. 80 மி.மீ. வில்லைக்கு 1.45.

இதைக் கண்ணின் 60 வில்விநாடி எல்லையோடு சேர்த்துப் பாருங்கள். 1.9ஐ 60 ஆக்க எத்தனை மடங்கு பெருக்க வேண்டும்? 31. 60 மி.மீ. வில்லை பிரித்துக் காட்டக்கூடிய அத்தனையும் 31 மடங்கிலேயே நல்ல கண்ணின் எல்லைக்குள் வந்துவிடும். 80 மி.மீ. என்றால் 41 மடங்கு. எந்த விட்டத்துக்குப் போட்டாலும் விடை விட்டத்தில் ஏறக்குறைய பாதிதான். கண்ணுக்குச் சிரமமில்லாமல் பார்க்க இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் திருகினால் உருவம் வளரும், விவரம் வளராது. ஒளியியலில் இதை வெற்றுப் பெருக்கம் என்பார்கள்.

50 மீட்டர் துளை 23 வில்விநாடி. 60 மி.மீ. வில்லையின் எல்லையைப் போலப் பன்னிரண்டு மடங்கு. 20 மடங்கு பெருக்கினால் அது கண்ணின் எல்லையைப் போல ஏழு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஆகவே 50 மீட்டரில் சுடுபவருக்கு 60 மடங்கு தேவையே இல்லை. 100 மீட்டரிலும் 25, 30 மடங்கு தாராளம். 300 மீட்டரில் கதை வேறு. 5 வில்விநாடித் துளை 60 மி.மீ. வில்லையின் எல்லையைப் போல மூன்று மடங்குகூட இல்லை. அங்கே 80 மி.மீ. வில்லை தரும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பெருக்கினால் இருட்டும்

கண்ணருகு வில்லையிலிருந்து ஒளி ஒரு மெல்லிய கற்றையாக வெளியே வருகிறது. அதன் தடிமன், முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வருவது. 60 மி.மீ. ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தால் 3 மி.மீ., 60 மடங்கில் வைத்தால் 1 மி.மீ. பகல் வெளிச்சத்தில் நம் கண்பாவை 2 முதல் 3 மி.மீ. வரை திறந்திருக்கும். 3 மி.மீ. கற்றை அதை நிரப்பிவிடும். 1 மி.மீ. கற்றையின் பரப்போ ஒன்பதில் ஒரு பங்கு; கண்பாவை 3 மி.மீ. திறந்திருந்தால் பிம்பத்தின் பொலிவும் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். போதாக்குறைக்கு, கற்றை இவ்வளவு மெலிந்ததும் நம் கண்ணுக்குள்ளேயே மிதக்கும் நுண்ணிழைகள் நிழலாக விழுந்து இலக்கின் மேல் நெளியத் தொடங்கும். மலிவான ஸ்கோப்பை வாங்கி, ஆசையாக 60க்குத் திருகி, அங்கே மங்கலையும் இழைகளையும் பார்த்துவிட்டு 20க்கே திரும்பி வருபவர்கள் அநேகம்.

கறுப்பின் மேல் கறுப்பு

துளை சிறியது என்பது பாதிச் சிக்கல்தான். 50 மீட்டர் ரைஃபிள் அட்டையின் நடுவில் 112.4 மி.மீ. விட்டத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதன் மையத்தில் 10.4 மி.மீ. அகலத்தில் பத்துப் புள்ளி வளையம். நன்றாகச் சுடுபவரின் குண்டு எல்லாம் அந்தக் கறுப்புக்குள்தான் விழும். வெள்ளையில் விழுந்த துளையை யாரும் பார்த்துவிடலாம். கறுப்புக்குள் விழுந்த துளையைக் காட்டிக்கொடுப்பது என்ன? கிழிந்த காகிதத்தின் சாம்பல் நிற விளிம்பு, பின்னாலிருந்து கசியும் வெளிச்சம், அவ்வளவே. கறுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள அந்த மெல்லிய வேறுபாட்டைக் கலைக்காமல் கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நல்ல ஸ்கோப்பின் வேலை. காசு உண்மையில் போவது இதற்குத்தான்.

பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சிறிய இழப்புதான். ஆனால் வில்லைகள், பட்டகம், ஜூம் அமைப்பு என்று பதினாறு பரப்புகளைத் தாண்டி வரும்போது ஏறக்குறைய பாதி ஒளி காணாமல் போயிருக்கும். காணாமல் போனது வெளியே போய்த் தொலைந்தாலும் பரவாயில்லை. அதில் ஒரு பகுதி குழாய்க்குள்ளேயே அங்குமிங்கும் மோதிக் கடைசியில் பிம்பத்தின் மேல் படிந்துவிடுகிறது. துவைத்துத் துவைத்து வெளுத்த கறுப்புச் சட்டை மாதிரி இலக்கின் கறுப்பு சாம்பலாகிப்போகும். துளை அந்தச் சாம்பலில் மறைந்துவிடும்.

இதற்கான மருந்தின் முதல் துப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைத்தது. ஆங்கிலேய வில்லை வடிவமைப்பாளர் டென்னிஸ் டெய்லர், பழசாகி நிறம் மங்கிப்போன வில்லைகள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். காலம் கண்ணாடியின் மேல் இட்ட மெல்லிய படலம் எதிரொளிப்பைக் குறைத்திருந்தது. 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த உக்ரைனிய இயற்பியலாளர் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, அத்தகைய படலத்தை வெற்றிடத்தில் வேண்டுமென்றே படியவைக்கும் முறையை உருவாக்கினார். படலத்தின் மேற்பரப்பில் திரும்பும் அலையும் அடிப்பரப்பில் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அழிந்த ஆற்றல் எங்கே போகும்? முன்னோக்கிப் போகும் ஒளியோடு சேர்ந்துவிடுகிறது. ஒற்றைப் பூச்சு இழப்பைச் சுமார் 1.5 சதவீதமாக்கும். பல அடுக்குப் பூச்சு அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடும். அப்போது அதே பதினாறு பரப்புகளைத் தாண்டியும் 92 சதவீத ஒளி கண்ணுக்கு வந்து சேரும்.

விளம்பர வாசகத்தில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் பொருள் மாறிவிடும். வெறும் ‘கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பிலாவது பூச்சு உண்டு என்றுதான் அர்த்தம். ‘மல்டி கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பிலாவது பல அடுக்கு. ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்றால்தான் காற்றைத் தொடும் எல்லாப் பரப்பிலும் பல அடுக்கு. கடையில் சரிபார்க்க வழியும் உண்டு. முன்வில்லைக்குள் டியூப்லைட் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பாருங்கள். உள்ளே அடுக்கடுக்காகத் தெரியும் டியூப்லைட் பிம்பங்கள் மங்கிய பச்சையிலோ ஊதாவிலோ இருந்தால் நல்லது. இடையில் ஒன்றிரண்டு பளிச்சென்ற வெள்ளையாக இருந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை.

நிறமும் பட்டகமும்

கண்ணாடி நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. அதனால் ஒரே வில்லை வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு இடங்களில் குவிக்கும். இதைத் தீர்க்கவே முடியாது என்று கருதித்தான் நியூட்டன் கண்ணாடி வில்லையை விட்டுவிட்டு ஆடியால் தொலைநோக்கி செய்தார். ஆனால் தீர்வு இருந்தது. செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் 1730களில் இரு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து நிறப்பிறழ்ச்சியைப் பெருமளவு குறைத்தார். ஜான் டாலண்ட் 1758இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய மலிவான ஸ்கோப்பிலும் இருப்பது அந்த இரட்டை வில்லைதான். மிச்சமிருக்கும் கொஞ்சப் பிறழ்ச்சியையும் ஒடுக்கத்தான் ஈ.டி. கண்ணாடி. கண்ணாடி நிறங்களை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறது என்பதற்கு ஆபே எண் என்ற அளவு உண்டு. சாதாரணக் கண்ணாடிக்கு 64, ஈ.டி. வகைகளில் ஒன்றுக்கு 81, ஃப்ளோரைட் படிகத்துக்கு 95. எண் ஏற ஏற விலையும் ஏறும்.

இங்கேதான் பட்ஜெட்காரருக்கு இயற்பியல் கைகொடுக்கிறது. நிறக் கசிவும் உருப்பெருக்கத்தோடு சேர்ந்தே பெருகும். 60 மடங்கில் கறுப்பு வட்டத்தைச் சுற்றி ஊதா விளிம்பாகத் துருத்தும் பிழை, 20 மடங்கில் மூன்றில் ஒரு பங்குதான். பெரும்பாலும் கண்ணில் படாது. 20 முதல் 30 மடங்கோடு நிறுத்திக்கொள்பவர் ஈ.டி. கண்ணாடிக்குக் கூடுதல் காசு தராமலே தப்பிவிடலாம். 300 மீட்டரில் 80 மி.மீ. ஸ்கோப்பை 50, 60 மடங்குக்குக் கொண்டுபோக நினைப்பவருக்குத்தான் அந்தச் செலவு நியாயம்.

அடுத்தது பட்டகம். வில்லைகள் தரும் தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்துவது அதன் வேலை. 1854இல் இத்தாலியர் இக்னாசியோ போரோ காப்புரிமை பெற்ற அமைப்பில் இரண்டு முக்கோணப் பட்டகங்கள் குறுக்கே நிற்கும். பார்க்கக் கொஞ்சம் பருமனாக இருக்கும், செய்வது சுலபம். குழாயை மெலிதாக்க வந்தது கூரைப் பட்டகம். அது ஒளிக்கற்றையை இரண்டாகப் பிளந்து மறுபடி சேர்க்கிறது. சேரும்போது அலைகள் பிசகாமலிருக்கப் பட்டகத்தின் கோணம் ஓரிரு வில்விநாடித் துல்லியத்தில் இருக்க வேண்டும். தனியாக ஒரு பூச்சும் வேண்டும். அந்தப் பூச்சை ஸைஸ் 1988இல்தான் கொண்டுவந்தது. குறைந்த விலையில் இந்த நேர்த்தியை எதிர்பார்க்க முடியாது. ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால், தாங்கியில் நிற்கப்போகும் கருவிக்கு ஒல்லி உடம்பு எதற்கு? போரோவையே எடுங்கள்.

பட்டகத்தின் கண்ணாடியும் இரண்டு தரம். பி.கே.7 விலை குறைவு. பி.ஏ.கே.4 ஒளிவிலகல் எண் கூடியது. அதனால் ஓரமாகச் சாய்ந்து வரும் கதிரையும் முழு அக எதிரொளிப்பால் திருப்பிவிடும். ஸ்கோப்பை வெளிச்சமான வானத்தின் பக்கம் (சூரியன் பக்கம் ஒருபோதும் அல்ல) நீட்டி, கண்ணருகு வில்லையை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு குட்டி ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் சரி. ஓரங்கள் சாம்பலாக வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் பட்டகம் ஒளியை ஒழுகவிடுகிறது.

காற்று வைக்கும் வரம்பு

எவ்வளவு காசு கொடுத்தாலும் வாங்க முடியாத ஒன்று உண்டு. அது சுடுதளத்தின் காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1.0003க்குச் சற்றுக் குறைவு. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வெயில் ஏறிய தரையிலிருந்து சூடான காற்று குமிழ்குமிழாக எழும்பும்போது, 300 மீட்டர் தூரமும் வரிசையாக அடுக்கிய ஆயிரக்கணக்கான பிசகிய வில்லைகளாகிவிடுகிறது. இலக்கின் விளிம்பு நெளியும், துளை கரையும். அந்த நேரத்தில் 60 மடங்கு பெருக்கினால் நெளிவும் 60 மடங்கு பெருகும். நம் ஊர் வெயிலில் நண்பகல் நேரத்துக்கு விலையுயர்ந்த ஸ்கோப்பும் மலிவான ஸ்கோப்பும் பல நாட்கள் ஒன்றேதான்.

விவரம் தெரிந்தவர்கள் இந்தக் கானலைத் திட்டுவதில்லை, படிக்கிறார்கள். ஸ்கோப்பின் குவியத்தை இலக்கிலிருந்து இழுத்து, பாதித் தூரத்தில் இருக்கும் காற்றின் மேல் வைப்பார்கள். அட்டை சற்று மங்கும். அதன் முன்னால் கானல் ஓடை போல ஓடுவது தெரியவரும். இடமிருந்து வலமாக ஓடினால் காற்றும் அந்தத் திசையில் வீசுகிறது. வேகமாகவும் தட்டையாகவும் ஓடினால் காற்று பலம். செங்குத்தாகக் கொதித்து எழுந்தால் காற்று நின்றுவிட்டது, அல்லது குண்டு போகும் கோட்டிலேயே வீசுகிறது. மெதுவாகப் பறக்கும் பாயின்ட் டூ டூ குண்டை மிதமான பக்கக்காற்றே பத்து வளையத்துக்கு வெளியே தள்ளிவிடும் என்பதால், இந்த வாசிப்பு புள்ளியாகவே கணக்கில் சேரும். இந்த வேலைக்கும் ஏற்றது 20, 25 மடங்குதான். பார்வைப் புலம் அகலமாக இருந்தால்தான் ஓட்டம் தெரியும்.

பணத்தை எங்கே போடுவது

50 மீட்டர், 100 மீட்டர்க்காரருக்கு என் வரிசை இது. முதலில் 60 அல்லது 65 மி.மீ. முன்வில்லை, போரோ பட்டகம், எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு. 20 முதல் 30 மடங்குக்குள் நிலையான கண்ணருகு வில்லை கிடைத்தால் ஜூமை விட அது மேல். கண்ணாடித் துண்டுகள் குறைவு, பார்வைப் புலம் அகலம். ஜூம்தான் கிடைக்கிறது என்றால், குறைந்த பெருக்கத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். அங்கேதான் அது நாள் முழுக்க நிற்கப்போகிறது.

அடுத்து, 45 பாகை வளைந்த கண்ணருகுப் பகுதி. படுத்துச் சுடுபவரின் இடது கை வார்ப்பட்டையில் இறுகியிருக்கும், கன்னம் கட்டையில் பதிந்திருக்கும். அந்த நிலை கலைந்தால் அடுத்த குண்டு எங்கே போகும் என்று தெரியாது. வளைந்த ஸ்கோப்பின் கழுத்துப் பட்டையைத் தளர்த்தி, கண்ணருகு வில்லையை முகத்துக்கு நேரே திருப்பி வைத்துவிட்டால், தோளை அசைக்காமல் தலையை லேசாகச் சாய்த்தாலே துளை தெரியும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள், கண்ணை 15 மி.மீ. தள்ளி வைத்தாலும் முழுப் பிம்பமும் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாங்கியில் கஞ்சத்தனம் கூடாது. 25 மடங்கு பெருக்கும் கருவி தன் நடுக்கத்தையும் 25 மடங்கு பெருக்கும். ஆடும் முக்காலியில் வைத்த அருமையான ஸ்கோப்பைவிட, கனத்த இரும்புத் தாங்கியில் வைத்த சுமாரான ஸ்கோப் தெளிவாகக் காட்டும்.

ஸ்கோப் வாங்கவே கையில் பணமில்லை என்றால் இலக்கை மாற்றலாம். குண்டு பட்ட இடத்தில் மேல் கறுப்பு உதிர்ந்து அடியிலுள்ள பளீர் மஞ்சள் வளையமாகத் தெரியும் அட்டைகள் விற்கிறார்கள். 5.6 மி.மீ. துளை அதில் பல மடங்கு அகலமான மஞ்சள் புள்ளியாகிவிடும். 50 மீட்டரில் சாதாரண பைனாகுலரே அதைக் காட்டும். போட்டிக்கு உதவாது, பயிற்சிக்கு உதவும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்காரருக்கு இந்தக் கவலையே இல்லை. அட்டையைக் கம்பியில் இழுத்துக் கையிலேயே எடுத்துப் பார்த்துவிடலாம்.

60 மடங்கு என்ற எண்ணுக்கும் ஈ.டி. என்ற இரண்டு எழுத்துக்கும் கொடுக்காமல் மிச்சம் பிடித்த தொகை சிறியதல்ல. அதற்குத் தோட்டா வாங்கிச் சுடலாம். புள்ளியைக் கூட்டுவது அதுதான்.